நாலு கோடும் ஏறும் வரை

பேய், ஆவி, கண்ணேறு, இப்படி எதையும் நான் ஒத்துக்கொண்டவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மும்பை விக்ரோலியில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது வந்து, ஜேக்கப், எங்கள் பிரிண்டருக்குள் பேய் புகுந்துவிட்டது என்பார். போய்ப் பார்த்தால் கேபிள் கழன்றிருக்கும், இல்லையென்றால் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த பேய்கள் இந்த இரண்டு வகைதான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

தாராவியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஞானசெல்வி அக்கா இருந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஷைனி அம்மா என்றால் உல்லாஸ்நகர் வரைக்கும் தெரியும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கணவர் இங்கே திடீரென்று இறந்தபோது உடலைச் சாத்தான்குளம் பக்கம் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் உடலை ஏற்ற எத்தனை பேப்பர் வேண்டும் தெரியுமா? போலீஸுக்கு ஒரு விண்ணப்பம், உடல் கெடாமல் மருந்தேற்றுகிற இடத்துக்கு ஒன்று, விமானச் சரக்குப் பிரிவுக்கு ஒன்று, நெருங்கிய சொந்தம் எழுதித் தரும் சம்மதக் கடிதம், கூடப் போகிறவரின் ஆதார் நகல். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, எட்டு வயது ஷைனியையும் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் அலைந்திருக்கிறார். அந்த இரண்டு நாளை அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும், தாராவியோ செம்பூரோ சான்பாடாவோ, அக்கா ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்பார். பேப்பரெல்லாம் முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு சாயா கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்.

வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் ஷைனி, நாலு வருடம் முன்னால் அம்மாவுக்கு ஒரு சின்னப் பிரிண்டர் வாங்கி அனுப்பினாள். பெரிய டிபன் டப்பா அளவு, பேட்டரியில் ஓடும், வைஃபையில் சேரும், ஒரு தீப்பெட்டி அளவுத் திரை. அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து வைத்தார். நானும் பெரிய ஆள் மாதிரி, போகிற வீட்டில் வைஃபை இருந்தால் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டு மட்டும் கேட்டால் போதும் என்றேன்.

"செத்த வீட்டுல போயி வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு எப்படி டே கேப்பேன்?" என்றார்.

ஆயிரம் மிஷினைச் சேர்த்தவன் நான், எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் அவருடைய போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு, அதற்கு ஷைனி அம்மா என்று பெயர் வைத்து, பிரிண்டரை அதில் சேர்த்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று எழுந்தேன். அவர் விடவில்லை.

"இப்ப எல்லாத்தையும் அழிச்சிரு. நான் செய்யுதேன், நீ பாரு."

அழித்தேன். அவர் செய்தார், இடையில் தப்பு விட்டார், மறுபடி அழிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்க்காமலே முடித்தார். எங்கள் ஆபீஸில் டிகிரி வாங்கினவர்களே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவார்கள், அதையும் தொலைப்பார்கள். அக்கா எழுதிக்கொள்ளவே இல்லை. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் பிரிண்டர் தன் நிலைமையைத் தானே ஒரு தாளில் அச்சடித்துத் தரும், எந்த நெட்வொர்க், சேர்ந்ததா இல்லையா, சிக்னல் எப்படி என்று. அதையும் காட்டினேன். சிக்னல் என்றால் என்ன என்று கேட்டார், போன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் என்றேன். வாயால் சொன்னதை ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை அவர். போனை எடுத்துக்கொண்டு கீழே தண்ணீர்க் குழாய் வரை இறங்கிப் போய், அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"இப்ப என்ன காட்டுது?"

புவர் என்றேன், திரையில் ஒரு கோடு. முதல் மாடி ஏறி நின்று கேட்டார். குட், மூன்று கோடு. மூச்சு வாங்க வாசலுக்கு வந்து நின்றார். எக்ஸலண்ட், நாலு கோடு. அவருக்கு அன்று வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

போகிற வீடுகளில் பிள்ளைகள் பட்டனை நோண்டுகிறார்கள் என்று பிறகு அவரே பிரிண்டர் செட்டிங்கை ஒரு எண் போட்டுப் பூட்டிவிட்டார். அதை நான் சொல்லித் தரவில்லை.

போன ஜூலையில் இரண்டு நாள் விடாமல் மழை. முதல் நாள் சாயங்காலம் யாருக்கோ பேப்பர் முடித்துக் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் வந்த அக்கா, எங்கள் சந்து முனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பையை மட்டும் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாராம். போன் தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் தம்பி பொன்ராஜ் அண்ணன் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விடியும்போது எனக்குப் போன் வந்தது.

"அக்கா போயிட்டாவ டே ஜேக்கப்பு."

நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. ஆனால் அழ நேரமும் இல்லை. ஷைனிக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. மறுநாள் காலையில் ஊர் வந்து சேர்ந்து, ராத்திரியே திரும்ப வேண்டும். அப்படியென்றால் உடல் அன்று சாயங்கால மதுரை விமானத்தில் ஏறியாக வேண்டும், அதற்குப் பகல் இரண்டு மணிக்குள் பேப்பர் சயானுக்குப் போக வேண்டும். அந்த விமானம் தவறினால் அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

"கைஸே பி, எப்படியாவது பண்ணிருங்கண்ணே. அம்மா மொகத்த ஒருதரம் பாத்திரணும்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இத்தனை வீட்டுக்குப் பேப்பர் போட்டவருக்குப் பேப்பர் போட ஆள் இல்லை. தண்ணீர் ஏறியதால் ஏரியா முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடை ஒன்றும் திறக்கவில்லை, ரயில் ஓடவில்லை, என் லேப்டாப் விக்ரோலியில் கிடந்தது. மிச்சம் இருந்தது அக்காவின் பிரிண்டர் ஒன்றுதான். அதற்கென்று ஒரு மெயில் முகவரி உண்டு, உலகத்தின் எந்த மூலையிலிருந்து அனுப்பினாலும் பிரிண்டர் இன்டர்நெட்டில் சேர்ந்த உடனே தானாக அச்சாகும். ஷைனி வழக்கம்போல அந்த முகவரிக்கே தன் சம்மதக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அக்கா முன்பு என் போனுக்கு அனுப்பிவைத்திருந்த காலி விண்ணப்பங்களில் அவர் பெயரையே நிரப்பி, பொன்ராஜ் அண்ணனின் ஆதாரையும் சேர்த்து, நானும் அங்கேயே அனுப்பினேன். இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் அந்தப் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

பதினோரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு லில்லி அக்கா சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். முந்தின நாள் அவர்தான் சந்திலிருந்து எடுத்துவந்து வைத்திருந்தார், அந்தப் பையைத் திறந்தேன். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, தாள் கவருக்குள் நனையாமல் இருந்தது, எல்லாம் தயார். திரையில் மட்டும், ஷைனி அம்மா நெட்வொர்க்கைத் தேடுகிறது என்று வந்துகொண்டே இருந்தது.

என் போனில் சேர்க்கலாம் என்றால் செட்டிங் பூட்டியிருக்கிறது. கேபிள் பையில் இல்லை. சரி, என் போனிலேயே ஷைனி அம்மா என்று ஹாட்ஸ்பாட் போட்டு ஏமாற்றலாம் என்றால் பாஸ்வேர்டும் பொருந்த வேண்டும், நான் போட்டுக் கொடுத்ததை அவர் எப்போதோ மாற்றிவிட்டார். ஷைனி பிறந்த தேதி, கணவர் பெயர், ஊர் பெயர், கோயில் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. பதினான்கு வருட சர்வீஸ் ஒரு டிபன் டப்பா முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தது. மணி பன்னிரண்டே கால். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டுப் போனைத் தரையில் வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேலேதான்.

"பூட்டத் தெரிஞ்ச ஆளு, எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லாக்கா," என்று சத்தமாகவே சொன்னேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, திட்டத்தான் செய்தேன்.

அப்போது திரையில் ஒரு கோடு வந்தது.

ஹாட்ஸ்பாட்டை நான் அணைக்க மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. கட்டடத்தில் கரண்ட் இல்லை, எந்த வீட்டு வைஃபையும் கிடையாது. பட்டனை அழுத்தி நிலைமைத் தாளை எடுத்தேன். நெட்வொர்க் ஷைனி அம்மா, சேர்ந்துவிட்டது, சிக்னல் புவர் என்று இருந்தது. தாளைப் படித்து முடிப்பதற்குள் திரையில் இரண்டு கோடு, பிறகு மூன்று. கை தானாகப் பட்டனை அழுத்தியது. அடுத்த தாளில் குட் என்று வந்தது. வாசலில் நின்ற லில்லி அக்கா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார், ஒருவர் உள்ளே வர வழி விடுவோமே, அப்படி. அவர் என்னைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது கோடும் வந்தது. மூன்றாவது தாளில் எக்ஸலண்ட்.

அந்த ஹாட்ஸ்பாட் ஒரு கை நீளத்துக்குள் இருந்தால்தான் அந்தச் சின்ன மிஷின் அப்படிக் காட்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தாள்கள் வரத் தொடங்கின. முதலில் ஷைனியின் கடிதம், அப்புறம் போலீஸ் விண்ணப்பம், அப்புறம் மற்றவை, ஒரு மை தீற்றல் இல்லாமல் நிதானமாக வந்தன. வந்துகொண்டிருக்கும்போதே பொன்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, அக்கா போன யாரும் ஆன் பண்ணிட்டாவளா?"

"அது எங்கடே ஆன் ஆகும்? என் கையில கவர்ல கெடக்கு. இன்னும் தண்ணி ஒழுகுது."

கடைசித் தாள் வந்ததும் திரை பழையபடி தேட ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அக்கா பிடித்த மாதிரியே தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீரில் நடந்தே சயானுக்குப் போனேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பேப்பரை வாங்கிப் பார்த்த போலீஸ்காரர், இவ்வளவு ஒழுங்காக ஒரு மாமிதான் கொண்டுவருவார், அவர் ஆளா நீங்கள் என்று மராத்தியில் கேட்டார். ஆமாம், இந்தப் பேப்பர் அவருக்கேதான் என்றேன். பெயரைப் படித்துவிட்டு அவர் எழுந்து நின்றார்.

மறுநாள் மத்தியானம் ஷைனி கூப்பிட்டாள். "பாத்துட்டேண்ணே," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்து மைல் அந்தத் தண்ணீரில் நடந்திருப்பேன்.

நான் சும்மா விட்டுவிடவில்லை. கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, அந்தப் பெயரில் யாராவது ஹாட்ஸ்பாட் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அக்காவின் போனை மாட்டுங்காவில் ஒரு மெக்கானிக்கிடம் பிரித்துக் காட்டினேன். உள்ளே பச்சை பிடித்துப் போயிருக்கிறது, தண்ணீரில் விழுந்த நிமிடமே செத்திருக்கும் என்றான். லில்லி அக்காவிடம் ஏன் ஒதுங்கினீர்கள் என்று கேட்டேன். யாரோ படியேறி வந்த மாதிரி இருந்தது, வழி விட்டேன் என்றார். அவ்வளவுதான், அவர் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

பிரிண்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஷைனி. சர்வீஸ் சென்டரில் பூட்டை எடுத்து, பழையதை எல்லாம் அழித்து, என் ஹாட்ஸ்பாட்டில் என் பெயரில் சேர்த்துவிட்டேன். இப்போது அந்தப் பையோடு நான்தான் போகிறேன், இதுவரை பதினோரு வீடு. ஆபீஸில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், அக்காவுக்கு நிகராக ஒருவரைச் சொல்ல முடியாது. அவர் செய்ததில் பாதி கூட எனக்கு வரவில்லை. சாயா மட்டும் நானும் குடிப்பதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் சான்பாடாவில் ஐந்தாம் மாடி வீடு. பிரிண்டரை ஒரு நாற்காலியில் வைத்து ஆன் செய்தேன். என் போன் என் சட்டைப் பையில், பிரிண்டருக்கு ஒரு முழம் தள்ளி. எடுத்த எடுப்பில் நாலு கோடும் காட்ட வேண்டும். வீட்டில் சோதித்தால் அப்படித்தான் காட்டுகிறது, ஆபீஸில் சோதித்தாலும் அப்படித்தான். சாவு வீட்டில் மட்டும் முதலில் ஒரு கோடு வருகிறது. கொஞ்சம் பொறுத்து இரண்டு, அப்புறம் மூன்று. சான்பாடாவில் ஐந்து மாடி என்பதால் கூடுதல் நேரம் ஆனது.

நான் எந்தப் பட்டனையும் தொடாமல், வாசலை அடைத்துக்கொண்டு யாராவது நின்றால் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நாலாவது கோடு வரும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.