துரையின் குரைப்பும் தேன்குரலின் முதுகும்

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்குப் போனில் புகார் கேட்பதுதான் அவளுடைய வேலை. ஆபீஸில் அவளுக்குத் தேன்குரல் என்று பட்டப்பெயர். எதிர்முனையில் இருப்பவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாலும் இவள் குரல் ஏறாது. எவ்வளவு உரக்கக் கத்துகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவரைக் குளிரவைக்க வேண்டும் என்பது அங்கே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நாயிடமும் காட்டினாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

நாயின் பெயர் துரை. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று சோம்பேறித்தனமாக மடிந்து கிடக்கும். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், அவள் படுக்கையறை மூலையில் மேசையைப் போட்டுக்கொண்டு ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் நாள் முழுக்கக் குழைந்து பேசினாள். காலடியில் படுத்திருந்த துரைக்கு வயிறு எரியாதா? ஒரு குரை குரைத்தது. அவள் பதறிப்போய் மைக்கை அணைத்து, கொஞ்சி, ஒரு பிஸ்கட்டும் கொடுத்தாள். இந்த வீட்டில் புகார் கொடுத்தால் உடனே கவனிப்பார்கள் என்று துரைக்குப் புரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அது வாயை மூடவில்லை.

கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மெஷினைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர்கள் நாயை நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்களாம். இனி ஒரு குரைப்பு கேட்டாலும் அவள் ஆபீஸுக்கே வந்து உட்கார வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாற வேண்டும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஷிப்ட் முடிந்து அவன் வரும்போது இருவரும் சேர்ந்து குடிக்கிற ஒரு வாய் டீயும் அதோடு போச்சு. அன்றைக்கே துரையை நாய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நாய் டாக்டரம்மா கதையைக் கேட்டுச் சிரித்தார். "நீங்கதானே சம்பளம் கொடுத்துக் குரைக்க வெச்சிருக்கீங்க. குரைச்சா பார்க்காதீங்க, பேசாதீங்க, திட்டக்கூட திட்டாதீங்க. முதுகைக் காட்டுங்க. வாயை மூடின உடனே திரும்பி, சமத்துன்னு தடவிக்கொடுங்க." முதலில் இன்னும் அதிகமாகக் கத்தும், அப்போது மனசு இளகிவிட்டால் எல்லாம் பாழ் என்றும் எச்சரித்தார்.

டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த விடுமுறை நாளில் துரை கூரை பிய்ந்துபோகிற மாதிரி குரைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப்போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்தா நாத்தனார் வர வேண்டும்! வீடு தேடி வந்தவளுக்கு முதுகைக் காட்டுகிறார்களே என்று அவளும் சேர்ந்து கத்த, அவளுக்கும் சேர்த்தே முதுகு கிடைத்தது. முதலில் ஓய்ந்தது துரைதான். இருவரும் பாய்ந்து திரும்பி அதைக் கொஞ்சியதில் நாத்தனார் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

கொஞ்ச நாளில் குரைப்பு குறைந்து முனகலாகி, முனகலும் நின்றது. அப்புறம் ஒரு மாலை, சூப்பர்வைசரே லைனில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவர் எடுத்த எடுப்பிலேயே காது கிழியக் கத்தினார். துரை எழுந்தது, அவளைப் பார்த்தது, பேசாமல் படுத்துவிட்டது. ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? தேன்குரல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டருக்கே முதுகைக் காட்டி மௌனமாக உட்கார்ந்தாள். அவர் கத்தினார், இன்னும் கத்தினார், மூச்சு வாங்கி நின்றார். அந்த நொடியே இவள் திரும்பி, "சமத்து" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலை போச்சு என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லம்மா," என்றார் அவர், குரல் தழுதழுக்க. மெஷினில் தண்ணீர் நிற்கவில்லை என்பதைப் பூனைக்குட்டிபோலச் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்து சூப்பர்வைசர் கூப்பிட்டுக் குதித்தார். இவள் வாயே திறக்கவில்லை. அவரும் குதித்து ஓய்ந்து, நாய்ச் சத்தம் கேட்கவில்லை, வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று முடித்தார். அவருக்கும் ஒரு சமத்து நாக்கு நுனிவரை வந்ததை அவள் கடித்துக்கொண்டாள்.

தலைகால் புரியாமல் சிரித்துக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். அங்கே புருஷன் உட்கார்ந்திருந்தான். மேசையில் இரண்டு கோப்பை டீ, ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"எப்ப வந்தீங்க?"

"அப்பவே வந்துட்டேன். நீ பேசிட்டிருந்தே."

அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கத்துகிறவர்களைக் கவனித்தே காலம் போயிற்று. இந்த வீட்டில் ஒரு நாளும் குரைக்காத ஜீவன் ஒன்று இருந்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

கிட்டே போய் அவன் தலையைக் கோதிக்கொடுத்து, டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்து வாயில் ஊட்டினாள். அவன் மறுபேச்சில்லாமல் மென்றான். பின்னாலேயே வந்த துரை அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், தன் முறைக்குக் காத்திருந்தது.