பால்சுறா கொண்டு வந்தவர்கள்

எனக்குப் பெண் குழந்தை பிறந்த இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பால்சுறாக்களை வரிசையாகப் போட்டிருந்தால் வாசலிலிருந்து கடற்கரை வரை போயிருக்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் திரேஸ்புரத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவில் பாலித்தீன் பையில் சுறா வரும், தாய்க்குப் பால் ஊறட்டும் என்று.

அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் அவித்து, தோலை உரித்து, பூப்போல உதிர்த்துப் பிழிந்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, கறிவேப்பிலை போட்டு நல்லெண்ணெயில் புட்டாகக் கிண்டுவாள். முதல் நாலு நாள் ரசித்துத்தான் சாப்பிட்டேன். பத்தாம் நாள் அடுப்படியில் பூண்டு வதங்கும் வாசனை வந்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். "மூஞ்சியத் திருப்பாதளா, உனக்கா சமைக்கேன், பிள்ளைக்குல்லா" என்பாள் அம்மா.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எடை பார்த்தோம். பிறந்தபோது இருந்த எடைக்குக்கூட குழந்தை திரும்பியிருக்கவில்லை. டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஒரு வாரம் பார்ப்போம், எடை ஏறலன்னா பவுடர் பால் எழுதித் தாரேன், பயப்படாதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மாவின் முகம்தான் செத்துப்போனது. 

காரணம் எனக்குத் தெரியும். நான் டின் பாலில் வளர்ந்தவள். அம்மாவுக்கு இருபதே நாளில் பால் நின்றுவிட்டதாம். என் சித்தி இன்றைக்கும் என்னை "டின்னுப் பால் மவ" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. தாய்ப்பால் குடித்து வளர்ந்த சித்தி பிள்ளைகளைவிட நான் அரை சாண் உயரம். ஆனால் சின்ன வயதில் எனக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் போதும், அம்மா என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "பால் குடிக்காத உடம்புலா, நாந்தான குடுக்கல" என்று தன்னையே ஏசிக்கொள்வாள். எனக்குக் கல்யாணமான பிறகும் ஒருமுறை தலைவலி என்று போனில் சொன்னேன், அதற்கும் அதே பேச்சு.

அதனால் என் விஷயத்தில் அம்மா எதையும் விட்டுவைக்கவில்லை. சுறாப் புட்டு, காரல் மீன் குழம்பு, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. யாராவது கண் வைத்திருப்பார்கள் என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கோவிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கி என் முதுகில் தடவினாள். தண்ணீர் மட்டும் அரை டம்ளருக்கு மேல் தரமாட்டாள். பச்சை உடம்பு, தண்ணி குடித்தால் வயிறு தொப்பை போட்டுவிடுமாம். அவ்வளவு செய்தும் என் மார்பு நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே வந்தது. முதல் வாரம் நைட்டி நனைந்து துண்டு வைத்துக்கொண்டு திரிந்தவள்தான் நான். அந்த நனைவும் நின்றுபோயிற்று. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, ரத்தத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், எங்கள் பகுதி சுகாதார நிலையத்து நர்ஸ் எடை பார்க்கும் பையோடு வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்த களைப்பில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். மணி பத்தரை. காலையில் ஏலம் முடிந்து மீன் விற்ற பெண்கள் ஓய்வாகும் நேரம். சித்தியும் அவள் கூட்டிவந்த இரண்டு பேரும் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு அடுப்படியும்தான். வருகிறவர்கள் என் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

குழந்தை சிணுங்கியது. நான் தூக்கினேன். அம்மா உடனே சர்க்கரைத் தண்ணீர் கலக்கிச் சங்கில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா அது?" என்றார் நர்ஸ்.

"சீனித் தண்ணி. ஆளுவ இருக்காவல்லா. இவிய போனதும் பால் குடுப்பா."

"ஆளு இருந்தா என்ன?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பால் குடுக்கதப் பாத்தா கண்ணு பட்டுரும். வத்திப் போவும்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, விடிஞ்சதுல இருந்து எத்தன தடவ பால் குடுத்த?"

நான் யோசித்தேன். அதிகாலையில் ஒருமுறை கொடுத்தேன். ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எட்டு மணிக்கு மாமா குடும்பம் வந்தது. அவர்கள் போனபோது குழந்தை சர்க்கரைத் தண்ணீர் குடித்த வயிற்றோடு தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்றாள் அம்மா. இப்போது சித்தி வந்திருக்கிறாள்.

"ஒரு தடவ" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என்னவோ திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது.

"நேத்து சாயங்காலம்?"

நேற்று ஐந்து மணி முதல் எட்டரை வரை ஆள் மாற்றி ஆள். கொடுக்கவே இல்லை.

"ஒரு நாளைக்கு எட்டு தடவ, பத்து தடவ, அதுக்கு மேலயும் கேக்கும். கேக்கும்போதெல்லாம் குடுக்கணும்" என்றார் நர்ஸ். "பிள்ள இழுக்க இழுக்கத்தான் ஊறும். இழுக்காம விட்டா, சரி, தேவையில்ல போலன்னு உடம்பு நிறுத்திக்கிடும். அந்தச் சீனித் தண்ணிய இனி தொடாதீங்க. வயித்த அடச்சிரும், அப்புறம் எப்படிப் பால் குடிக்கும்?"

சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப நாங்க கொண்டாந்த சுறாவெல்லாம் வேஸ்டா?"

"ஏங்க்கா வேஸ்ட்டு? பிள்ள பெத்தவளுக்குச் சத்து வேண்டாமா? நல்லாத் திங்கட்டும். ஆனா சுறா வந்து பிள்ளைக்குப் பால் குடுக்காதுல்லா. மீனக் குடுத்துட்டு நீங்க கிளம்பணும்."

சித்தியோடு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பொல்லாத கோபமும் வந்தது. எனக்குப் பால் ஊறட்டும் என்று மீனோடு வந்த அத்தனை பேரும் சேர்ந்துதான் என் பிள்ளையை என் மார்பிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். யாரைத் திட்டுவது? எல்லோரும் பிரியமாக வந்தவர்கள்.

அம்மா மட்டும் சங்கைக் கீழே வைக்கவில்லை. "கண்ணு பட்டா என்ன செய்ய? நீங்க போயிருவிய" என்றாள். நர்ஸ் அதை நக்கலடிக்கவில்லை. கொடியில் கிடந்த அம்மாவின் பழைய சேலையை எடுத்து, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரைக்கும் இழுத்துக் கட்டினார். "இப்ப யாரு கண்ணு படும்?" என்று கேட்டுவிட்டு என்னோடு சேலைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். குழந்தையின் சட்டையைக் கழற்றி என் உடம்போடு ஒட்டிப் படுக்கவைத்தார். காம்பை மட்டும் கொடுத்தால் போதாது, அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பால் கொடுத்திருந்தேன். அன்றைக்கு வலிக்கவில்லை. சேலைக்கு அந்தப் பக்கம் சித்தி யார் வீட்டு வள்ளத்தில் எவ்வளவு மீன் பட்டது என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் போகும்போது, "தாகம் எடுத்தா தண்ணி குடி, வயிறெல்லாம் போடாது. பிள்ள எத்தன தடவ மூத்திரம் போவுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டே இரு. கொறஞ்சாலோ, எழுப்ப எழுப்ப எந்திரிக்கலன்னாலோ உடனே கூப்பிடு" என்றார்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடித்து முடித்து அரைமணி நேரத்தில் குழந்தை மறுபடி அழும். மறுபடி போடுவேன், மறுபடி அழும். அம்மா சங்கைத் தேடுவாள். "தொடாதம்மா!" என்று கத்துவேன். "பிள்ள பட்டினி கெடக்கு, நீ நர்சு பேச்சக் கேட்டுட்டு ஆடுத" என்று அவள் கத்துவாள். என் கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். எந்தக் கடலிலோ நின்றுகொண்டு வீடியோவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதப்பா, டின் பாலே குடுப்போமே, ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். "கப்பல விட்டு எறங்கி வந்து பேசுங்க" என்று போனை வைத்துவிட்டேன். பாவம், அவர் இறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு பக்கம் குழந்தை குடித்துக்கொண்டிருந்தபோது மறுபக்கம் நைட்டி ஈரமாவதைப் பார்த்தேன். முதலில் வியர்வை என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்று கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் தடுப்புச் சேலையை விலக்கிப் பார்த்தாள். அந்தச் சங்கை எடுத்துக்கொண்டு போய்க் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில், சட்டென்று கை எட்டாத இடத்தில் வைத்தாள். அன்று முதல் வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எம் மவ பால் குடுக்கா, அப்புறமா வாங்க" என்று அவள் சொல்வது நாலு வீடு தள்ளிக் கேட்கும். மீன் பையை மட்டும் வாங்கிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடி எடை பார்த்த அன்று டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பவுடர் பால் எழுதவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அம்மா ஏலத்துக்கே போய் ஒரு பால்சுறா வாங்கிவந்து, சித்தியையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். போனவள் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட?"

"மீனக் குடுத்தேன். பிள்ளைக்குப் பாலக் குடுளா, நாங்க வாரோம்னு சொல்லிட்டு இவளுவளையும் இழுத்துட்டு வந்துட்டேன். உன் சித்திக்கு வரவே மனசில்ல."

நான் சிரித்துக்கொண்டே என் மகளை மார்போடு அணைத்துக்கொண்டேன். அம்மா அடுப்படி வாசலில் அரிவாள்மணையைப் போட்டு எங்களுக்கு வாங்கிய சாளையை ஆய ஆரம்பித்தாள். நாலைந்து மீனை ஆய்ந்திருப்பாள். கை நின்றது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நீ பொறந்தப்பயும் வீடு நெறய ஆளுதான். உங்கப்பா வீட்டுல மொதப் பிள்ளைன்னு ஊரே வந்துச்சி. உனக்கும் சங்குலதான் ஊத்துனேன்." அடுத்த மீனை எடுத்தவள் அதை ஆயாமலே சட்டியில் திரும்பப் போட்டாள். பிறகு, "அப்ப எனக்கும் பால் இருந்திருக்கும், இல்லியாளா?" என்றாள்.

"இருந்திருக்கும்மா" என்றேன்.

முப்பத்தொரு வருஷமாக என் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தன்னைத் திட்டிக்கொண்டவள், செதில் ஒட்டிய புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு யாருமே வந்து சொல்லலியே" என்றாள்.