“வேண்டாம் அங்கிள்” என்றவனுக்குக் கிடைத்த கைதட்டல்

நேற்றுப் பின்னேரம் கொட்டாஞ்சேனையில் மதுவுக்கு எதிராக ஓர் உலகப் போர் நடந்தது.

நானும் போனேன். (பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடிதான். கதிரை என்னோடு தனியாக ஒரு போர் நடத்தியது.)

தங்கச்சி மகன் ஜெரோன் பத்தாம் வகுப்பு. அவன் பள்ளிக்கூடத்தில் மது ஒழிப்பு நிகழ்ச்சி. தகப்பன் கப்பலில், தாய்க்கு ஆஸ்பத்திரியில் ட்யூட்டி. ஆகவே குடும்பத்தின் மாபெரும் பிரதிநிதி நான்.

முதலில் கெட்டுப்போன ஈரலின் படம் காட்டினார்கள். நான் படித்த காலத்திலும் இதே ஈரல்தான். பாவம், அதற்கு இன்னும் பென்ஷன் கொடுக்கவில்லை.

பிறகு நாடகம். யாராவது ஊற்றிக் கொடுத்தால் எப்படி மறுப்பது என்று இந்தத் தவணை முழுக்க மிஸ் பழக்கியிருக்கிறா.

ஜெரோன் நிமிர்ந்து நின்று, அங்கிளாக நடித்துக் கப்பை நீட்டிய பெடியனின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

“வேண்டாம் அங்கிள். நான் குடிக்கிறேல்ல.”

ஹோலில் இருந்த சனம் முழுக்க எழும்பிக் கைதட்டியது. துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரத்தோடு நகர்ந்திருக்கும்.

வீட்டில் இவன் இடியப்பத்தையே வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. வைக்க வைக்கச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பான். எனக்குக் கண் கலங்கியது. (தூசி.)

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். நிகழ்ச்சிக்கு ஓடியாடி வேலை செய்தவர் அன்ரன், பெற்றோர் சங்கத் தலைவர். ரோட்டில் நின்ற தன் வேனின் பின்கதவைத் திறந்தார்.

சாராயம், சோடா, ஐஸ், பொரித்த கடலை.

“என்ன அன்ரன் இது?”

“புரோகிராம் சக்சஸ் அல்லோ மச்சான். சும்மா கலைஞ்சு போறதே?”

சுற்றி நின்ற தகப்பன்மாரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதுதான் எனக்குக் களைப்பு. பிள்ளை பிறந்தாலும் போத்தல், செத்த வீட்டிலும் போத்தல், போத்தலை ஒழித்தாலும் போத்தல்.

அந்த நேரம் பார்த்து ஜெரோன் என்னைத் தேடி வந்தான்.

“இந்தா வாறார் ஹீரோ. இஞ்ச வா மகன், இண்டைக்கு நீதான் ராசா. ஒரு சொட்டு. ஒண்டும் செய்யாது.”

அன்ரன் கப்பை நீட்டினார்.

ஜெரோன் நிமிர்ந்து நின்றான். முகத்தைப் பார்த்தான்.

“வேண்டாம் அங்கிள். நான் குடிக்கிறேல்ல.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

“மேடையில செய்த மாதிரியே செய்யிறான் பாருங்கோ. என்ன நடிப்படா. சரி, இப்ப பிடி.”

கப் மறுபடியும் நீண்டது.

நாடகத்தில் இரண்டாம் தரம் நீட்டுவது இல்லை. மிஸ் அதைப் பழக்கவில்லை. ஜெரோன் என்னைப் பார்த்தான். அவன் கை மெல்ல எழும்பியது, இடியப்பத்துக்கு எழும்புகிற அதே மாதிரி.

“அன்ரன், அவன் நடிக்கேல்ல. எடு அந்தக் கப்பை.”

“பகிடிக்குத்தானே மச்சான். அப்ப நீ பிடி.”

“எனக்கும் வேண்டாம்.”

இதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜெரோன் மெதுவாகக் கேட்டான்.

“மாமா, அங்கிள் கோவிச்சிட்டாரோ?”

“ஓம். கோவிக்கட்டும்.”

பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லப் பழக்கியாகிவிட்டது. அதைக் காதில் வாங்க எங்களுக்கு யார் பழக்குவது?

பெரியவர்களைப் பத்தாம் வகுப்பில் சேர்க்கும் பள்ளிக்கூடம் எங்கேயாவது இருந்தால் கொமெண்டில் போடுங்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள் ரெடி. யூனிபோர்முக்கு வெள்ளைக் காற்சட்டை என் செலவு.