என் கணினியில் அவள் பெயர்

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் சாலையில், விடுதி அறைகளுக்கும் ஜீப் பயணங்களுக்கும் முன்பதிவு செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. முதலாளி, கணக்கு பார்க்கும் அக்கா, நான். இரண்டு விண்டோஸ் கணினிகள், ஒரு பிரிண்டர். வயர் இழுத்து எல்லாவற்றையும் இணைத்தவன் நான்தான். என் கணினியைப் போட்டுவிட்டுப் போய் டீ குடித்து வந்தால்தான் திரை தெளியும். புதிது கேட்டால், "சீசன் முடியட்டும்ப்பா" என்பார் முதலாளி. சீசன்கள் முடிந்துகொண்டேதான் இருந்தன.

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். இதே ஊர்க்காரி, என் வயதுதான். எங்கள் வெப்சைட்டுக்குப் படம் எடுக்க முதலாளி அவளைச் சேர்த்தார். சேர்ந்த வாரமே அவள் மேசைக்குப் புத்தம்புது ஆப்பிள் மேக் கணினி வந்தது. முதலாளியே பெட்டியைப் பிரித்தார்.

"ஏப்பா, இதை நம்ம நெட்வொர்க்ல வெரசா சேத்து விட்டுரு."

பந்தியில் எனக்கு இலை போடாமல், அவளுக்கு இலை போட என்னையே கூப்பிட்ட மாதிரி இருந்தது.

பிரிண்டர் உடனே மேக்கோடு இணைந்தது. என் கணினியில் எல்லோரும் ஃபைல் போட்டு எடுக்கும் பொது ஃபோல்டர்தான் அதில் திறக்கவில்லை. என் பெயரைக் கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்டது. எதைத் தட்டினாலும் தள்ளியது. அவ்வளவு விலை உயர்ந்தது என் கிழட்டுப் பெட்டியின் வாசலில் காத்து நிற்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

"ஸாரிங்க, என்னால உங்களுக்கு டபுள் வேலை" என்று காபி வாங்கி வந்து வைத்தாள். அந்த மரியாதையும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. என் கணினிக்கு நான் பாஸ்வேர்டே வைத்ததில்லை. பாஸ்வேர்டு இல்லாத யூசர் கணக்கை வைத்துக்கொண்டு வேறு கணினியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அக்காவுக்குச் செய்ததுபோல இவளுக்கும் என் கணினியில் பாஸ்வேர்டோடு தனிக் கணக்கு திறக்க வேண்டியதாயிற்று. அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஃபோல்டர் திறந்தது.

அவள் முதலில் போட்டது பக்கத்துக் கவுஞ்சி கிராமத்துப் படங்கள். என் திரையில் மெல்ல மெல்ல இறங்கின. படிப்படியாய்ப் பூண்டு வயல்கள், நடுவே பனி, குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் சிவப்புத் தலைத்துண்டு. எத்தனையோ தடவை போன ஊர்தான். என் கண்ணுக்கு அது ஒருநாளும் இப்படிப் பட்டதில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "பாத்தியா, நல்ல மிஷின் வந்தா எல்லாம் தானா நடக்குது! இனிமே கம்ப்யூட்டர் சோலின்னா இந்தப் புள்ளைட்டயே கேட்டுக்கிரலாம்."

அவளே மறுத்தாள்.

"ஐயோ சார், எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. எல்லாம் அவர் பண்ணது. ஃபைல் பூரா அவர் சிஸ்டத்துலதான் இருக்கு. அது அடிக்கடி நிக்குது. அது போச்சுன்னா என் மேக்கும் வேஸ்ட்தான்."

முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்த மாதமே எனக்குப் புதுக் கணினி வந்தது. நான் வருஷக்கணக்காய்க் கேட்டு வராதது, அவள் ஒரு வார்த்தைக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போது சந்தோஷப்படவும் முடியவில்லை.

அவளிடம் நன்றி சொன்னேன்.

"அட, இதுக்குப் போய்" என்று சிரித்துவிட்டுத் தன் படங்களுக்குத் திரும்பினாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். அந்த மனசுக்கும் சேர்த்துத்தான் அன்று பொறாமைப்பட்டேன்.