ரிக்கவர்ட் என்றால் சுகமாம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள ஸ்கேன் நிலையத்துக்கு ஹரிசன்தான் 'சிஸ்டம் மனேஜர்'. பதவிக்குப் பெயர் வைத்தவரும் அவரே. படித்தது கணக்கியல். கம்பியூட்டர் பழுதானால் நிறுத்தித் திரும்பப் போடுவார். அதற்கும் சரிவராவிட்டால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார். அந்த முகத்துக்குப் பயந்தே அங்கே யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

மனைவி ஹம்சிகாவின் நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி இருப்பது போன வருடம் அங்கேதான் தெரியவந்தது. "ஒரு வருசம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுப்பம். ரெண்டையும் வைச்சுப் பார்த்து, வளரேல்லை எண்டால் சும்மா விடலாம்" என்றார் டொக்டர். படத்தை சீடியில் தரச்சொல்லி ஹம்சிகா கேட்டாள்.

"நான் இருக்கேக்கை உமக்கேன் சீடி? எல்லாம் என்ரை சேர்வரிலை பத்திரமாக் கிடக்கு."

பத்திரமாம். நகலெடுக்கும் ஏற்பாடும் வைத்திருந்தார்தான். படங்கள் கிடந்த அதே டிஸ்க்கின் இன்னொரு மூலைக்கு.

அந்த டிஸ்க் தேயத் தொடங்கியது. டிஸ்க்குக்கும் கம்பியூட்டருக்கும் நடுவே நின்று கதைக்கும் டிரைவர் மென்பொருள், அவருடைய திரையில் சிவப்பு எழுத்தில் முறைப்பாடு எழுதியது: 'ரிக்கவர்ட் எரர்'. ஹரிசன் ஆறுதலாக வாசித்தார். ரிக்கவர்ட் என்றால் சுகமாகிவிட்டது. காய்ச்சல்காரருக்கும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

நுகேகொடையிலிருந்து இயந்திரங்களைப் பார்க்க வந்த பொறியியலாளர் கௌரியின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அண்ணை, இது சுகமான கதையில்லை. முதல்தரம் வாசிக்கேலாமல், திரும்பத் திரும்ப முயற்சி செய்து ஒருமாதிரி எடுத்துக் குடுத்திருக்கு. டிஸ்க் போகப்போகுது, மாத்துங்கோ."

"பிழை வந்துது, சரியாயிட்டுது எண்டு அதுவே சொல்லுது. நீர் ஏன் தங்கச்சி ஆக்களைப் பயப்பிடுத்திறீர்?"

அவள் போன கையோடு மனிதர் செய்த திருக்கூத்தைக் கேளுங்கள். திரையில் சிவப்பு எழுத்து நின்றால் முதலாளி என்ன நினைப்பார்? டிரைவரின் செட்டிங்ஸுக்குள் புகுந்து, இந்தச் செய்தியை இனிமேல் எழுதாதே என்று அடைத்துவிட்டார். வேலையில் சேர்ந்த நாள்முதல் அவர் தேடிப் படித்து ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். மறுநாள் திரை பளிச்சென்று இருந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டிஸ்க் ஒரு சொல்லும் சொல்லாமல் செத்தது. ஹம்சிகாவின் இரண்டாவது ஸ்கேனுக்கு அப்போது ஒரு கிழமைதான் இருந்தது. கௌரியைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு படமும் மிஞ்சவில்லை. புது டிஸ்க் போட்டு ஸ்கேன் எடுத்தபோது கட்டி தெளிவாகத் தெரிந்தது.

"பழைய படம் எங்கை?" என்று டொக்டர் கேட்டார்.

கரண்ட் அடிக்கடி போனது, கடற்காற்றில் உப்பு, அறையில் வெக்கை என்று ஹரிசன் அளந்துகொண்டே போனார். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹம்சிகாவின் பக்கம் திரும்பினார்.

"அது இல்லாமல் வளர்ந்ததோ இல்லையோ எண்டு சொல்லேலாது. சும்மா விடவும் ஏலாது. நெஞ்சுக்குள்ளை ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பம்."

வெளியே வந்ததும் ஹம்சிகா கேட்டாள்: "டிஸ்க் பழுதாகப் போகுதெண்டு முன்னமே ஒண்டும் காட்டேல்லையோ?"

ஹரிசனுக்கு முதல்முறையாக உண்மையிலேயே பயம் பிடித்தது.

"காட்டினது. நான்தான் காட்டாமல் நிப்பாட்டினனான்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஊசிக்கு நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் உங்கடை சேர்வரைப் பாருங்கோ."