நாற்பத்தொரு படி

அரசு மாளிகை வாசலில் நின்ற காவலர் ஒர்னெல்லாவின் கையிலிருந்த உறையைப் பார்த்தார். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். சின்னஞ்சிறு நாடான சான் மரினோவில் அது ஓர் அதிசயமில்லை.

"எங்க இவ்வளவு காலையில?"

"மனு குடுக்கத்தான். தலைவருங்க வந்தாச்சா?"

"வந்தாங்க, வாங்கிக்கிட்டும் போயிட்டாங்க. போன ஞாயித்துக்கெழம."

ஏப்ரல் ஒன்றிலும் அக்டோபர் ஒன்றிலும் நாட்டுக்குப் புதிதாக இரண்டு தலைவர்கள் பதவியேற்பார்கள். அதற்கடுத்த ஞாயிறு, குடிமக்கள் யாரும் அவர்கள் கையில் ஒரு மனுவைக் கொடுக்கலாம். முறைப்படி இருந்தால் பேரவை அதை எடுத்துப் பேசி வாக்களித்தாக வேண்டும். இந்த வருடம் ஏப்ரல் ஒன்று சனிக்கிழமையில் விழுந்தது. கொடி, வாத்தியம், ஊர்வலம் எல்லாம் முடிந்த மறுநாளே மனு வாங்க உட்காருவார்கள் என்று ஒர்னெல்லாவுக்குத் தோன்றவேயில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். விருந்துக்கு மறுநாள் ஒன்றும் நடக்காது என்பது அவள் அனுபவம்.

இனி அக்டோபரில்தான். ஆறு மாதம் வீண்.

அவள் கணவன் தூலியோவின் இடது காலுக்கு ஆறு மாதம் பெரிய விஷயம். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவனைப் பக்கவாதம் உட்கார வைத்திருந்தது. தினம் நடக்காவிட்டால் கால் நடையையே மறந்துவிடும் என்றார் மருத்துவர். வீட்டிலிருந்து கீழே சதுக்கத்துக்கு நாற்பத்தொரு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பிடிக்க எதுவுமில்லை. போன குளிர்காலத்தில் பதினான்காம் படியில், சீட்டாட்டக் கூட்டாளிகள் கண்ணெதிரே சறுக்கி விழுந்தான். அதற்குப் பிறகு ஜன்னலோடு சரி. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி கேட்டுத்தான் மனு.

அக்டோபர் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது.

"இன்னிக்கே ஓடிடாத. அடுத்த ஞாயிறுதான்," என்றான் தூலியோ.

"வாய் மட்டும் நல்லா நடக்குது உனக்கு."

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றாள். புதுத் தலைவர்களில் ஒருத்தி முந்தைய வருடம் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியவள். கறுப்பு உடையில் நிமிர்ந்து நின்று உறையை வாங்கிக்கொண்டாள். பல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பேரவையின் அறுபது பேரில் தூலியோவின் தங்கை யோலந்தாவும் ஒருத்தி.

"அண்ணி, அண்ணனைப் பத்திச் சொன்னாத்தான் எடுபடும்," என்றாள்.

"சொல்லு. பேரு வேணாம். உங்கண்ணன் காதுல விழுந்தா வீட்ல நான்தான் அனுபவிக்கணும்."

மனுவின் முறை மார்ச்சில் வந்தது. பேச்சு வானொலியில் நேரடியாக வரும். மதியம், கீழே சதுக்கத்தில் மதுக்கடை வைத்திருக்கும் அல்வாரோ போன் செய்தான்: "நம்ம படியப் பத்திப் பேசுறாங்க. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

தூலியோ போனை வைத்தான். "என் ஷூ எங்க?"

"பைத்தியமா உனக்கு?"

"அறுபது பேர் என் காலைப் பத்திப் பேசப்போறாங்க. அதை நான் தனியா உக்காந்து கேக்கணுமா?"

ஒரு கை சுவரில், ஒரு கை அவள் தோளில். பதினான்காம் படியில் நின்றான். வியர்த்தது. அவள் தோளை அசைக்காமல் நின்றாள். ஏதாவது சொன்னால் திரும்பிவிடுவான். இருபது நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டார்கள். அல்வாரோ ஒன்றுமே நடக்காதது போலச் சீட்டைக் கலைத்துப் போட்டான்.

அப்போதுதான் கடை வானொலியில் யோலந்தாவின் குரல் வந்தது: "அந்தப் படிக்கு மேல ஒருத்தர் ஒரு வருஷத்துக்கு மேலா தன் கால்ல கீழ இறங்கினதே இல்ல."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"யாருப்பா அது, பாவம்?" என்றான் அல்வாரோ.

சிரிப்பு வெடித்தது. தூலியோ சீட்டுகளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். ஒர்னெல்லா மட்டும் சிரிக்கவில்லை. கல்லாவோரம் நின்ற சீட்டாட்டக் கூட்டாளி ரேமோ கையில் போனை எடுத்திருந்தான். அவன் மச்சான் பேரவையில் எதிரணி. மனுவைக் கவிழ்க்க ஒரு வார்த்தை போதும்: அந்த ஆள் இதோ இங்க சீட்டாடிட்டு இருக்கான்.

"ரேமோ, அதை வை," என்றாள்.

"என் மாமியாரும் அந்தப் படிக்கு மேலதான் குடியிருக்காங்க. கம்பி இல்லாததாலதான் கீழ வராம இருக்காங்க. யோசிக்க விடு."

யோசித்தான். போனைப் பையில் போட்டான்.

மனு ஏற்கப்பட்டது. அல்வாரோ எல்லோருக்கும் ஊற்றினான். வெளியே வந்ததும் தூலியோ படிகளை அண்ணாந்து பார்த்தான்.

"இறங்கினது சரி..."

ரேமோ ஒரு பக்கம், ஒர்னெல்லா ஒரு பக்கம். ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் ஒன்று வந்தது, வேறு இருவர் பதவியேற்றார்கள். கம்பி வரவில்லை. தூலியோ வியாழன்தோறும் சீட்டாட ஒர்னெல்லாவின் தோளைப் பிடித்து இறங்கினான். வியாழன் முடிந்தால் மறுநாள் அவளுக்குத் தோள் வலிக்கும். அக்டோபர் ஒன்று என்ன கிழமை என்று நாட்காட்டியில் பார்த்துவைத்தாள்.

ஜூனில் ஒருவன் அளவு நாடாவோடு வந்தான். அவர்கள் பாதிப் படியில் இருந்தார்கள்.

"யாருக்காகங்க இந்தக் கம்பி?"

தூலியோ மூச்சு வாங்கினான்.

"இங்க ஒருத்தன் வீட்ட விட்டு வெளியவே வர்றதில்லையாம்," என்றான். "கொஞ்சம் ஒதுங்கு, நாங்க இறங்கணும்."