கீரிப்பாறையில் பால் நின்ற நேரம்

கீரிப்பாறைக்கு நான் போனது 1955 ஆவணியில். ஊர் பார்க்கப் போனேன் என்று எழுதலாம், பொய். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இன்னொரு சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. அதே தோட்டத்தில் அதே வேலையில் என் காலேஜ் தோழன் சங்கரலிங்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். என் தாவரவியல் நோட்டைப் படித்துப் பாஸானவனுக்கு ஓட்டுவீடும் சைக்கிளும். எனக்கு நாகர்கோவிலில் ட்யூஷன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலமே வந்து தன் வீட்டில் தங்கும்படி கடிதம் போட்டிருந்தான். அந்த ஓட்டுவீட்டில் எனக்குத் தூக்கம் வருமா? மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தேன். தடிக்காரன்கோணம் வரை ஆறணா, ஒன்றரை மணி நேரம். பிறகு மூன்று மைல் நடை. பூதப்பாண்டி தாண்டினால் மலை அழகாகத் தெரியும் என்கிறார்கள். நான் அவனுடைய சைக்கிளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மானேஜர் என்னை ஒரு மரத்தடியில் நிறுத்தி, பால் வெட்டும் தங்கம்மையிடம் பட்டையைக் கீறச் சொன்னார். மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் நாலைந்து சொட்டு விழுந்து நின்றுவிட்டது. "என்ன காரணம்?" என்றார்.

"வெட்டு சரியில்லை. இவர்களைக் கவனிக்கிற சூப்பர்வைசரும் சரியில்லை," என்றேன். கவனிப்பது யார் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

தங்கம்மைக்குக் கோபம் வந்துவிட்டது. "சாரே, வெயிலு ஏறினா இலை தண்ணிய ஆவியா விட்டுரும்லா? மரத்துக்க உள்ள தள்ளுத சக்தி கொறஞ்சிரும். பொறவு பாலு எப்பிடி வரும்? விடியதுக்கு முன்ன வெட்டணும். சங்கரலிங்கம் சாருதான் சொல்லித் தந்தாரு."

இரவில் இலைத் துளைகள் மூடியிருக்கும். வேர் இழுத்த நீரால் மரம் விம்மி நிற்கும், கீறினால் பால் பாயும். பகலில் காற்றை உள்ளே எடுக்கத் துளைகள் திறக்கும், அந்த வழியாகவே நீர் வெளியேறிவிடும். என் நோட்டில் சிவப்பு மையால் நான் அடிக்கோடிட்ட பக்கம் அது. அவன் படித்தான், அவளுக்கும் சொல்லிக்கொடுத்தான். எழுதிய நான்தான் மறந்துபோனேன்.

வேலை கிடைக்கவில்லை. சங்கரலிங்கம் என்னைச் சைக்கிளில் தடிக்காரன்கோணம் வரை கொண்டுவந்து விட்டான். "நேத்தே வந்திருக்கப்படாதா மக்கா? மானேஜரு எல்லாரிட்டயும் இதத்தான் கேப்பாரு. அதச் சொல்லத்தான் வரச் சொன்னேன்," என்றான். மானேஜரிடம் நான் சொன்னது அவன் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

பால்வெட்டு பார்க்கப் போகிறவர்கள் சாயங்கால பஸ்ஸிலேயே போய்விடுங்கள். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தெரிந்தவர் வீடு இருந்தால், அது உங்கள் வீட்டைவிட நன்றாக இருந்தாலும், அங்கேயே தங்குங்கள். எனக்கு அப்படி ஒரு வீடு இருந்தது.